கைலாசபுரத்துப் பெரியப்பா

பாளையங்கோட்டையிலிருந்து அக்கா பையன் போன் செய்தான். ராத்திரி ஒன்பதரை மணி.

"மாமா, ஒரு நல்ல பேரு சொல்லுங்க."

"யாருக்குலே?"

"ஏலியனுக்கு."

எட்டாம் வகுப்புப் படிக்கிறான். பள்ளி ஆண்டு மலருக்குக் கதை எழுதுகிறானாம். வண்ணார்பேட்டை பக்கம் தாமிரபரணிக் கரையில் ஒரு பறக்கும் தட்டு இறங்குகிறது. உள்ளேயிருந்து ஒருவர் வருகிறார். நல்லவர். பூமியைப் பிடிக்கிற உத்தேசமெல்லாம் இல்லை. ஆற்றில் கலக்கிற சாக்கடையைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டுப் போகிறவர். கதை முழுக்கத் தயார். பெயர்தான் உதைக்கிறது. முதலில் 'ஸோர்க்கான் செவன்' என்று வைத்தானாம். அக்காவிடம் படித்துக் காட்டியிருக்கிறான். "இதென்னலே, வயலுக்கு அடிக்கிற மருந்து பேரு மாதிரி இருக்கு!" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

நான் பி.காம். படித்தவன். பெயர் வைப்பதைப் பற்றி எங்கள் படிப்பில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. யாரிடமிருந்து வந்தது என்று தெரியாத தொகையை எந்தக் கணக்கில் எழுதுவது? அதற்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது: அனாமத்துக் கணக்கு. ஆள் யாரென்று தெரிகிற வரைக்கும் பணம் அங்கேயே கிடக்கும். ஏலியனை அந்தக் கணக்கில் எழுதினால் கதை நடக்காதே!

"நாளைக்குச் சொல்றேம்லே" என்று போனை வைத்துவிட்டேன். தூக்கம் போய்விட்டது.

சரி, பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் இதற்கு என்ன செய்திருக்கிறார்கள்?

1898-இல் இங்கிலாந்தில் எச்.ஜி. வெல்ஸின் 'உலகங்களின் போர்' நாவல் வெளிவந்தது. செவ்வாய் கிரகத்திலிருந்து படையெடுத்து வருகிறார்கள். லண்டன் நடுங்குகிறது. அந்த நாவலைப் புரட்டிப் பாருங்கள். வந்தவர்களில் ஒருத்தருக்குக்கூடப் பெயர் கிடையாது. மொத்தமாக 'செவ்வாய்க்காரர்கள்', அவ்வளவுதான். எதிரிப் படைக்கு எதற்குத் தனித்தனிப் பெயர்?

நல்ல ஏலியன் என்று வந்தவுடனே நிலைமை மாறிவிடுகிறது. 1951-இல் ஒரு ஹாலிவுட் படம், 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்'. மனித குலத்தை எச்சரிக்க வருகிறவரின் பெயர் க்ளாட்டு. வந்து இறங்கியதும் ஒரு சிப்பாய் சுட்டுவிடுகிறான். ஆஸ்பத்திரியிலிருந்து நழுவிய க்ளாட்டு, யாருடைய கோட்டையோ மாட்டிக்கொண்டு வாடகை அறை கேட்டுப் போகிறார். என்ன பெயர் சொன்னார் தெரியுமா? மிஸ்டர் கார்ப்பென்டர். அந்தக் கோட்டில் குத்தியிருந்த சலவைச் சீட்டில் இருந்த பெயர்! மனிதர்களோடு குடியிருக்க வேண்டுமென்றால் மனிதர்களின் பெயர் வேண்டும் என்று அந்தக் கிரகத்துக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். 1962-இல் சத்யஜித் ராய் 'பங்குபாபுவின் நண்பன்' என்று வங்காளத்தில் ஒரு கதை எழுதினார். ஊரே கேலி செய்கிற ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் முன்னால் வந்து நிற்கிற விண்வெளி ஆசாமியின் பெயர் 'ஆங்'. இரண்டே எழுத்து. அடுத்த வருஷம், 1963-இல், தமிழில் 'கலை அரசி' வந்தது. எம்.ஜி.ஆர். படம். அதில் வேற்றுக்கிரகத்துக்காரர்கள் பானுமதியைக் கடத்திக்கொண்டே போய்விடுவார்கள். பாட்டு சொல்லித்தரத்தான்! 2003-இல் இந்தியில் 'கோயி மில் கயா'. மாயம் செய்கிறது என்பதால் அதற்கு 'ஜாதூ' என்று பெயர். 2014-இல் 'பீகே'. அமீர்கான் நடத்தையைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "குடிச்சிருக்கியா?" என்று இந்தியில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியே பெயராக ஒட்டிக்கொண்டது. 2024 பொங்கலுக்கு வந்த சிவகார்த்திகேயனின் 'அயலான்' படத்தில் ஏலியனுக்குப் பெயர் 'டாட்டூ'.

ஆங், ஜாதூ, பீகே, டாட்டூ... ஒன்று கவனித்தீர்களா? எல்லாம் பொடிப் பெயர்கள். குழந்தைக்கோ நாய்க்குட்டிக்கோ வைக்கிற மாதிரி. கூப்பிடச் சுலபம், பயம் வராது. ஆனால் இப்படிப் பெயர் வைப்பதில் ஒரு சின்ன ஏமாற்றும் இருக்கிறது. வந்தவர் நம்மைவிட ஆயிரம் மடங்கு கெட்டிக்காரர். நாம் கன்னத்தைக் கிள்ளுகிற பெயரை வைத்து அவரைச் சின்னப் பிள்ளையாக்கிவிடுகிறோம்.

வெல்ஸிடமே திரும்பிப் போவோம். அவர் செவ்வாய்க்காரர்களை வெறும் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. ஐரோப்பியர்கள் டாஸ்மேனியத் தீவின் பூர்வகுடிகளை எப்படி அழித்தார்கள் என்பதை நாவலின் தொடக்கத்திலேயே நினைவுபடுத்துகிறார். அதாவது, கப்பலில் வந்து இறங்கியவர்கள்தான் விண்வெளிக் கதைகளுக்கு மூல ஏலியன்கள்.

அப்படியானால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்கள் ஊரைவிடத் தோதான ஊர் எது? தாமிரபரணி அந்தக் காலத்தில் கடலில் கலந்த இடத்தில் கொற்கை. முத்துக்காக ரெண்டாயிரம் வருஷமாகக் கப்பல்கள் வந்த கரை. இறங்கியவர்கள் வேறு நிறம், வேறு உடுப்பு, வேறு சாமி. என்ன பேசுகிறார்கள் என்று ஒரு எழவும் புரியாது. அவர்களுக்கு ஜனங்கள் என்ன பெயர் வைத்தார்கள்?

முதலில் கூட்டப் பெயர்தான். கிரேக்கர்களும் ரோமர்களும் 'யவனர்' ஆனார்கள். கிரேக்கர்கள் வாழ்ந்த அயோனியா என்று ஒரு பகுதி. அந்தப் பெயர் வாய் மாறி வாய் மாறி யவனராகி நிற்கிறது. 'ஃபிராங்க்' என்ற ஐரோப்பிய இனப் பெயர் அரபியர், பாரசீகர் வாய் வழியாக வந்து 'பறங்கி' ஆனது. போர்ச்சுக்கீசியர்களுக்கு அது நிலைத்தது. 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்கள் ஹாலந்திலிருந்து வந்தவர்கள் இல்லையா, அதனால் 'உலாந்தாக்காரர்'.

இங்கிலீஷ்காரன் வந்தபோது பெயர் தேடவே இல்லை. 'துரை' என்று ஒரு சொல். ஜாக்சன் துரை, லூசிங்டன் துரை என்று வரிசையாக எல்லோருக்கும் அதே ஒட்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் சுட்டது ஆஷ் துரையை. கொன்ற பிறகும் ஜனங்கள் 'துரை'யை எடுக்கவில்லை, பாருங்கள்! அந்தச் சொல்லில் மரியாதை இருந்தது. ஆனால் உறவு இல்லை. துரை என்றால் திண்ணைக்கு இந்தப் பக்கம் வராதவர் என்று அர்த்தம்.

அவர்களும் சும்மா இல்லை. திருநெல்வேலியை 'டின்னவெல்லி' ஆக்கினார்கள். பாளையங்கோட்டை 'பாலம்கோட்டா' ஆனது. தூத்துக்குடி 'டூட்டிகோரின்'. அவர்கள் கண்ணுக்கு நாம்தானே ஏலியன்!

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இருக்கிறது. அதுதான் சுவாரஸ்யம்.

1542-ஆம் வருஷம். முத்துக்குளித்துறைக் கரைக்கு ஸ்பெயின் பக்கத்து நவாரே நாட்டிலிருந்து ஒரு பாதிரியார் வருகிறார். தமிழ் தெரியாது. ஜெபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் சொல்லி, மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டே தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டுகிறார். பெயர் பிரான்சிஸ் சேவியர். 'சேவியர்' என்பது அவர் பிறந்த கோட்டை வீட்டின் பெயர். அவர்களுடைய பாஸ்க் மொழியில் அதற்குப் 'புது வீடு' என்று பொருள். எங்கள் பக்கத்தில் 'தெக்கு வீட்டு மாமா', 'மச்சு வீட்டு அத்தை' என்று சொல்கிற மாதிரி, அவர் புதுவீட்டுக்காரர்!

கடற்கரை மக்கள் அந்தப் பெயரை வாங்கி, உப்பு நீரில் அலசி, கடைசியில் ஒரு 'ஆர்' போட்டார்கள். சவேரியார். அப்புறம் அது வெளிநாட்டுப் பெயராக எங்கே இருந்தது? சவேரிமுத்து, சவேரியம்மாள் என்று வீட்டுக்கு வீடு பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் 1923-இல் தொடங்கிய கல்லூரிக்கும் அந்தப் பெயர்தான்.

அந்தோணி, அந்தோணியார் ஆனார். செபஸ்தியான், செபஸ்தியார் ஆனார். சிலருக்குச் சத்தத்தை விட்டுவிட்டு அர்த்தத்தைப் பிடித்தார்கள். 'பால்' என்கிற பவுலுக்கு லத்தீனில் 'சின்னவர்' என்று பொருள். எனவே சின்னப்பர்! 'ஜான்' என்றால் கடவுளின் அருள். எனவே அருளப்பர்! 'அப்பர்' எங்கிருந்து வந்தது? அது ஒரிஜினலில் இல்லை. நம் ஆட்கள் சேர்த்தது. ரோமாபுரியில் தலை வெட்டப்பட்டு இறந்த ஒரு யூதப் பெரியவர், தாமிரபரணிக் கரையில் யாரோ ஒரு சின்னய்யா மாதிரி ஆகிவிட்டார்.

பெயர் மாற்றத்தில் ஒரு சாம்பியன் இருக்கிறார். இத்தாலிக்காரர். கான்ஸ்டன்சோ ஜோசப் பெஸ்கி. 1680-இல் பிறந்து, 1710-இல் கோவாவில் இறங்கி, தமிழ்நாட்டுக்கு வந்து ஆரம்ப காலத்தில் கயத்தாறு, காமநாயக்கன்பட்டி வட்டாரத்தில் பணி செய்தவர். 'கான்ஸ்டன்சோ' என்றால் உறுதி, கலங்காமை. அதைத் 'தைரியநாதர்' என்று மாற்றிக்கொண்டார். தைரியம் தேவைப்பட்ட ஊர்தான்! இந்த வட்டாரத்திலேயே மரண தண்டனை வரைக்கும் போய்த் தப்பியவர். பிறகு 'வீரமாமுனிவர்' ஆனார். சந்தா சாகிப் அவருக்கு 'இஸ்மத் சந்நியாசி' என்று பட்டம் கொடுத்தார். தூய துறவி என்று அர்த்தம். இத்தாலிக்காரருக்கு வடமொழியில் ஒரு பெயர், தமிழில் ஒரு பெயர், பாரசீகத்தில் ஒரு பெயர்!

அவர் சதுரகராதி தொகுத்தது 1732-இல். அதற்கு முன்பே தேம்பாவணிக் காப்பியம் எழுதியிருந்தார். அதில் ஏசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர்தான் கதாநாயகன். 'ஜோசப்' என்ற எபிரேயப் பெயருக்குப் பெருகுதல் என்று பொருள். பெஸ்கி அவருக்கு வைத்த பெயர் 'வளன்'. இன்றைக்கும் தமிழ்நாட்டில் வளன், வளனரசு என்று பெயர் வைக்கிறார்கள். எங்கிருந்தோ வந்தவர், எங்கேயோ பிறந்த இன்னொருவருக்கு வைத்த தமிழ்ப் பெயர். விஞ்ஞானக் கதை எழுதுகிறவர்கள் பெஸ்கியிடம் ட்யூஷன் போகலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்தால், 'ஐயர்'கள் வருகிறார்கள். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த பிரஷ்யாக்காரர் ரேனியஸ். தமிழ்ச் சொல் 'ர'வில் தொடங்கக்கூடாது என்பது இலக்கணம். ராமன், இராமன் ஆகிற மாதிரி ரேனியஸும் 'இரேனியஸ் ஐயர்' ஆனார். 1840-களில் சாயர்புரத்தில் இருந்தவர் போப்பையர். பின்னாளில் திருக்குறளையும் திருவாசகத்தையும் இங்கிலீஷில் கொண்டுபோனவர். இடையன்குடியில் 1841 முதல் குடியிருந்தவர் கால்டுவெல் ஐயர். அயர்லாந்தில் பிறந்து, திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதி, கொடைக்கானலில் இறந்தாலும் இடையன்குடிக்கே கொண்டுவரப்பட்டு அடக்கமானவர்.

ரேனியஸ் கதையில் ஒரு கிளைக்கதை. ஜெர்மனியில் டோனா என்று ஒரு பிரபு. புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்கள் குடியேற நிலம் வாங்கப் பணம் அனுப்பினார். அந்தக் கிராமத்துக்குப் பெயர் டோனாவூர். பணம் அனுப்பிய பிரபுவின் பெயர், 'ஊர்' என்கிற தமிழ் வாலோடு களக்காட்டுப் பக்கம் இன்றைக்கும் பஸ் போர்டில் ஓடிக்கொண்டிருக்கிறது!

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. கால்டுவெல் 1849-இல் வெளியான தன் நூலில் சொல்கிறார். 1809-இல் வேலுத்தம்பி தளவாய் காலத்தில், ஆரல்வாய்மொழியில் திருவிதாங்கூர் அரணைப் பிடிக்க நடந்த சண்டையில் ஓர் இங்கிலீஷ் ராணுவ அதிகாரிக்குப் படுகாயம். செத்துப்போனார். தொலைவில் ஒரு மணற்காட்டில் புதைத்தார்கள். சில காலம் கழித்து அக்கம்பக்கத்து மக்கள் அந்த இடத்தில் கும்பிட ஆரம்பித்தார்கள். அவரைப் பற்றிப் பாட்டே கட்டினார்கள். படையல் என்ன? சாராயமும் சுருட்டும்!

சிரிப்பாக இருக்கிறது இல்லையா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊர் உறவு இல்லாமல், கண்காணாத தேசத்தில், அகாலத்தில் செத்துப்போன ஓர் ஆள். அப்படிச் செத்தவர்களுக்கு ஒரு கல் நட்டு, அவர்களுக்குப் பிடித்ததைப் படைப்பது நம் கிராமத்து வழக்கம். எதிரிப் படைக்காரர் என்று தெரிந்தும் அவரை அந்த வரிசையில் சேர்த்தார்கள். துரை, சாமியானார். பயத்தில் கும்பிட்டார்கள் என்று கால்டுவெல் நினைக்கிறார். இருக்கலாம். ஆனால், வெறும் பயம் என்றால் சுருட்டு எதற்கு? "இவருக்கு என்ன பிடிக்கும்?" என்று யாரோ ஒருத்தர் யோசித்திருக்கிறார் அல்லவா!

டோனாவூருக்கே திரும்பவும் போவோம். ஏமி கார்மைக்கேல். அயர்லாந்துப் பெண். 1896-இல் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தவர். புடவை கட்டினார். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுகிற காலம் அது. அப்படி விடப்பட்ட பிள்ளைகளை அழைத்து வந்து வளர்க்க ஆரம்பித்தார். ஊரில் அவருக்கு என்ன பெயர் தெரியுமா? 'பிள்ளை பிடிக்கிற மிஸ்ஸியம்மாள்'! குழந்தைகளைப் பயமுறுத்துவதற்காகச் சொன்ன பெயர். 1901-இல் ஒரு சின்னப் பெண் கோயில் வீட்டிலிருந்து தப்பி ஓடிவந்தாள். யாரிடம் வந்தாள்? எந்தப் பெயரைச் சொல்லி அவளைப் பயமுறுத்தினார்களோ, அந்த மிஸ்ஸியம்மாளிடமே வந்தாள். அந்தப் பெண்ணும் பின்னால் வந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகளும் அவரைக் கூப்பிட்டது 'அம்மா' என்று.

அரை நூற்றாண்டுக்கு மேல் ஊருக்கே திரும்பாமல் இருந்து, 1951-இல் டோனாவூரிலேயே இறந்தார். கல்லறைக்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டியை வைத்தார்கள். அதில் ஒரே ஒரு சொல்: 'அம்மா'. ஏமியும் இல்லை, கார்மைக்கேலும் இல்லை.

கப்பலில் வந்தவர்கள் இருக்கட்டும். வானத்திலிருந்தே ஒருவர் வந்தால்?

அதற்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பதில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சொ. விருத்தாசலம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் வளர்ந்து, இந்துக் கல்லூரியில் 1931-இல் பி.ஏ. முடித்து, சென்னைக்குப் போய்ப் புதுமைப்பித்தன் ஆனவர். 1943-இல் அவர் எழுதிய கதை 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. தமிழில் முதல் தரமான ஏலியன் கதை அதுதான் என்பேன். அடிக்க வராதீர்கள். வேறு உலகத்திலிருந்து ஒருவர் திடீரென்று சென்னை பிராட்வே முனையில் வந்து நிற்கிறார். நம் ஊர் காபி தெரியாது, காசு தெரியாது, பழக்கவழக்கம் தெரியாது. சித்த வைத்தியப் பத்திரிகை நடத்துகிற கந்தசாமிப் பிள்ளையிடம் மாட்டிக்கொள்கிறார். ஏலியன் கதைக்கு வேறு என்ன வேண்டும்?

அங்கேயும் பெயர்ப் பிரச்னை வருகிறது. வந்தவரை எப்படிக் கூப்பிடுவது? அப்பா என்று கூப்பிடுவதாகப் பேச்சு எழும்போது, வேண்டாம், பெரியப்பா என்றால்தான் தன் சொத்துக்கு ஆபத்தில்லை என்கிறார் கடவுள். பிள்ளைவாளும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், கைலாசபுரத்துப் பெரியப்பா என்று அறிமுகம் செய்கிறார். சென்னை வாசகர்களுக்கு அது கைலாசமலைச் சிலேடை. எங்களுக்கு அது மட்டும் இல்லை. திருநெல்வேலி ஜங்ஷனில் நிஜமாகவே கைலாசபுரம் என்று ஒரு பேட்டை இருக்கிறது. ஆற்றங்கரையில். அங்கே யாருக்காவது பெரியப்பா இருப்பார்!

சர்வ லோக நாயகனை ஒரே வார்த்தையில் வீட்டுக்குள் கொண்டுவந்தாகிவிட்டது. பெயர் வைத்த அடுத்த நிமிஷம் கந்தசாமிப் பிள்ளையின் குழந்தை அவரோடு விளையாட ஆரம்பித்துவிடுகிறது. பெரியப்பா என்றான பிறகு என்ன பயம்?

எங்கள் சீமையின் சூத்திரம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வந்தவரின் பெயர் எவ்வளவு அழகாக ஒலிக்கிறது என்று அவர்கள் பார்க்கவில்லை. அவர் எனக்கு என்ன முறை வேண்டும் என்று பார்த்தார்கள். முறை கிடைத்துவிட்டால் பெயர் தன்னால் வந்துவிடும். 'அயல்' என்ற நம் சொல்லையே பாருங்கள். அயல்நாடு என்றால் தூர தேசம். அயல்வீடு என்றால் அடுத்த வீடு! தூரத்துக்கும் பக்கத்துக்கும் ஒரே சொல். 'அயலான்' என்று படத்துக்குத் தலைப்பு வைத்தவர்கள் இதை யோசித்து வைத்தார்களோ என்னவோ, பொருத்தமான தலைப்பு.

இவ்வளவும் பெருமையாக எழுதிவிட்டேன். இனி ஒரு வெட்கக்கேடு.

போன மாதம் திருநெல்வேலி போயிருந்தபோது, ஜங்ஷன் பக்கம் ஒரு ஹோட்டலில் ராத்திரிச் சாப்பாடு. ஹோட்டல் பெயர் வேண்டாம். எந்த ஹோட்டலாகவும் இருக்கலாம். மேஜை துடைத்துக்கொண்டிருந்த பையனுக்கு இருபது வயசு இருக்கும். எல்லோரும் "ஏ ஹிந்தி, இங்க வா", "ஹிந்தி, தண்ணி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்தேன்? விரலைச் சொடுக்கினேன். சவேரியாருக்கு 'ஆர்' போட்ட ஊரில், சின்னப்பருக்கு 'அப்பர்' போட்ட ஊரில், ஒரு மனுஷனை விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டேன்.

பரோட்டாக் கல்லில் நின்ற பெரியவர் மட்டும், "மருமவனே, நாலாம் டேபிளுக்குச் சால்னா!" என்றார். அந்தப் பையன் திரும்பிச் சிரித்துக்கொண்டே ஓடினான். அந்த ஹாலிலேயே அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பில் கொடுக்க வந்தபோது எந்த ஊர் என்று கேட்டேன். ஒடிசாவாம். அவன் தாய்மொழி ஹிந்தியே இல்லை! கூட்டப் பெயரையாவது ஒழுங்காக வைத்தோமா? அதுவும் தப்பு. பெயர் கேட்டேன். சொன்னான். எனக்குப் பிடிபடவில்லை. மூன்று தடவை கேட்டு, பில்லின் பின்னால் எழுதிக்கொண்டேன். அவனைக் கேட்காமல் அச்சில் போடுவது முறையில்லை என்பதால் இங்கே எழுதவில்லை. ஆனால் அந்தச் சீட்டு என் மேஜையில் இருக்கிறது.

மேஜை துடைக்கிறவர்கள், கட்டடத்தில் கல் சுமக்கிறவர்கள், ரயிலில் மூன்று நாள் வந்து இறங்கியவர்கள் எல்லோரையும் நாம் ஒரே அனாமத்துக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம். வருஷக் கடைசியில் அனாமத்தில் பெரிய தொகை கிடந்தால், கணக்கில் எங்கேயோ கோளாறு என்று அர்த்தம். ஆடிட்டர் சும்மா விடமாட்டார். இதற்கு ஆடிட்டர் யார் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் நானே பாளையங்கோட்டைக்குப் போன் செய்தேன். கைலாசபுரத்துப் பெரியப்பா கதையைச் சொன்னேன். பையன் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டான்:

"மாமா, 'வான்பேட்டைச் சித்தப்பா'ன்னு வைக்கட்டுமா? வண்ணார்பேட்டைக்குப் பக்கத்துலதான இறங்குதாரு."

அசந்துவிட்டேன். "பிரமாதம்லே! ஆனா ஏன் சித்தப்பா? பெரியப்பா வேண்டாமா?"

"பெரியப்பான்னா திட்டுவாவ மாமா. சித்தப்பான்னாதான் சைக்கிள்ல வச்சு ஆத்துக்குக் கூட்டிட்டுப் போவாவ."

பெயர் முடிவாகிவிட்டது. அக்காவிடம் படித்துக் காட்டினானாம். இந்தத் தடவை பூச்சி மருந்துப் பேச்சே இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு குறைதான் சொன்னாளாம்:

"ஏலே, அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்த மனுசனுக்கு ஒரு வாய் காப்பி கூடக் குடுக்கல. என்ன கதைலே எழுதிருக்க?"